36 நிமிடம், ஒரு புயல்: சினிக் இசைக்குழுவின் கதை

கடலூர் மாவட்டத்துல பிறந்து வளர்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, வருஷக் கணக்கே புயலை வெச்சுத்தான் சொல்வாங்க. "தானேவுக்கு முன்னாடி கட்டின வீடு", "தானே அடிச்சப்போ நான் ரெண்டாவது படிச்சேன்". 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டி பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் ஒரே காலையில் படுக்க வைத்துவிட்டுப் போனது. வீட்டை மறுபடி கட்டிவிடலாம். பலா காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?

இந்தக் கட்டுரை புயலைப் பற்றியது இல்லை, ஒரு மெட்டல் பேண்டைப் பற்றியது. ஆனால் அந்தக் கதைக்கு நடுவிலும் ஒரு புயல் இருக்கிறது. அமெரிக்காவின் மயாமி நகரத்துப் பையன்கள் சில பேர், 22 வயதில், ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். மொத்தம் 8 பாட்டு, சுமார் 36 நிமிடம். அடுத்த வருஷமே பேண்ட் கலைந்துவிட்டது. பேண்ட் பேர் சினிக். ஆல்பம் பேர் ஃபோகஸ். இன்றைக்கு ப்ரோக்ரெசிவ் மெட்டல் வாசிக்கிற யாரிடம் கேட்டாலும் இந்த ஆல்பத்தைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

முதல்ல, ப்ரோக்ரெசிவ் மெட்டல்னா என்ன?

ஹாஸ்டல்ல ஹெட்போனைக் கழட்டிக் கொடுத்து "இதைக் கேளு மச்சி"ன்னா, பாதிப் பேர் பத்தாவது செகண்ட்ல திருப்பிக் கொடுத்துடுவாங்க. "என்னடா, ஆளாளுக்கு ஒண்ணு வாசிக்கிறாங்க?" என்பதுதான் வழக்கமான புகார். அந்தப் புகாரிலேயே பாதி விளக்கம் இருக்கிறது.

நாம் கேட்கும் சினிமாப் பாட்டில் பெரும்பாலானவை நாலு நாலாக எண்ணக்கூடியவை. காலைத் தட்டினால் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று சரியாக வந்து உட்காரும். ப்ரோக்ரெசிவ் மெட்டலில் 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்ணிக்கைகள் அடிக்கடி வரும். ஒரே பாட்டுக்குள்ளேயே எண்ணிக்கை மாறும். சில இடங்களில் கிட்டார் ஏழு ஏழாகப் போகும், டிரம்ஸ் நாலு நாலாகப் போகும். இரண்டும் எங்கே சந்திக்கும்? 7க்கும் 4க்கும் மீ.பொ.ம. 28. அதனால் 28வது அடி முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக வந்து "சம்" விழும். பத்தாவதில் படித்த கணக்குதான்.

இது நமக்குப் புதுசும் இல்லை. சிதம்பரத்தில் மார்கழிக் கச்சேரியிலோ நாட்டியாஞ்சலியிலோ உட்கார்ந்து கேட்டவர்களுக்கு மிஸ்ர சாப்பு தெரிந்திருக்கும்: தகிட, தகதிமி. மூணும் நாலும் ஏழு. கண்ட சாப்பு என்றால் ரெண்டும் மூணும் அஞ்சு. தனி ஆவர்த்தனம் முடியும்போது மிருதங்கக்காரர் ஒரு கோர்வையை வாசித்து, எங்கேயோ போய்ச் சுற்றி, கடைசியில் சரியாக எடுப்பில் வந்து விழுவார். கூட்டம் "ஆஹா" என்னும். ப்ரோக்ரெசிவ் மெட்டல் ரசிகர்கள் தலையை ஆட்டுவதும் அந்த மாதிரி ஒரு இடத்துக்காகத்தான்.

அதோடு ஜாஸ் இசையின் ஸ்வரக்கோவைகள், திடீரென அமைதியாகிவிடும் இடங்கள், சின்த்தசைசர், வழக்கமான பல்லவி-சரணம் அமைப்பை விட்டு விலகிப் போகும் பாட்டுகள். இதெல்லாம் டிஸ்டார்ஷன் கிட்டாருடன் சேர்ந்தால் ப்ரோக்ரெசிவ் மெட்டல்.

ப்ளஸ் டூ வயசுல ஒரு பேண்ட்

சினிக் 1987ல் மயாமியில் தொடங்கியது. கிட்டார் வாசித்துப் பாடிய பால் மாஸ்விடல், டிரம்ஸ் வாசித்த ஷான் ரைனர்ட் இரண்டு பேரும் 1971ல் பிறந்தவர்கள். அதாவது தொடங்கும்போது 16 வயது. நம்ம ஊரில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கும் வயது. பிறகு ஜேசன் கோபெல் இரண்டாவது கிட்டாருக்கு வந்தார், டோனி சாய் பேஸ் கிட்டாருக்கு வந்தார்.

அப்போது ஃப்ளோரிடா மாநிலம்தான் டெத் மெட்டலின் தலைநகரம். டெத், மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, டிசைட் எல்லாமே ஃப்ளோரிடாவில் இருந்து கிளம்பிய பேண்டுகள். டாம்பா நகரத்தில் இருந்த மாரிசவுண்ட் ஸ்டுடியோவும், அங்கே வேலை செய்த ஸ்காட் பர்ன்ஸ் என்ற தயாரிப்பாளரும் இந்த இசைக்கு முகவரி மாதிரி. மயாமிக்கும் டாம்பாவுக்கும் ஏறக்குறைய சென்னை-மதுரை தூரம்.

சினிக் பையன்களும் முதலில் அந்த வழியில்தான் போனார்கள். வேகம், உறுமல் குரல், கடுமையான கிட்டார். 1988ல் இருந்து 1991 வரை டெமோ கேசட்டுகள் போட்டார்கள். அப்போது இன்டர்நெட் கிடையாது. கேசட்டைப் பதிவு செய்து, தபாலில் அனுப்பி, அதை வாங்கியவர் இன்னொருவருக்குப் பதிவு செய்து அனுப்பி, அப்படித்தான் ஒரு பேண்டின் பேர் பரவும்.

1991ல் ஒரு பெரிய திருப்பம். டெத் பேண்டின் தலைவர் சக் ஷுல்டினர் தன்னுடைய அடுத்த ஆல்பத்துக்கு மாஸ்விடலையும் ரைனர்ட்டையும் கூப்பிட்டார். ஹ்யூமன் என்ற அந்த ஆல்பம் அந்த வருஷம் அக்டோபரில் வந்தது. டெத் மெட்டல் கேட்பவர்களில் பலர் அந்த ஆல்பத்தின் டிரம்ஸை இன்றைக்கும் பாடப்புத்தகம் மாதிரி பேசுவார்கள். வாசித்தவருக்கு வயது 20. அதே சமயம் பேஸ் வாசித்த டோனி சாய், ஏதீஸ்ட் என்ற இன்னொரு ஃப்ளோரிடா பேண்டுக்குக் கைகொடுத்தார். அவர்களின் பேஸ் கலைஞர் ரோஜர் பேட்டர்சன் 1991ல் சாலை விபத்தில் இறந்திருந்தார்.

ஆக சினிக் தன் முதல் ஆல்பத்தைப் போடுவதற்கு முன்பே, அதன் உறுப்பினர்கள் அடுத்தவர்களுடைய நல்ல ஆல்பங்களில் வாசித்து முடித்திருந்தார்கள். ரோட்ரன்னர் என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தமும் கையில் இருந்தது. பாட்டு ரெடி, ஸ்டுடியோ ரெடி. அப்புறம்தான் அது வந்தது.

ஆண்ட்ரூ

1992 ஆகஸ்ட் 24 அதிகாலை. ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 265 கிலோமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க, தானே கரையைக் கடந்தபோது மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். புயல் வகைப்பாட்டில் ஐந்தாவது, கடைசிப் படி. பல்லாயிரக்கணக்கான வீடுகள் தரைமட்டம். அந்தப் பக்கத்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அலையாத்திக் காடுகள் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்தன. பிச்சாவரத்தில் படகில் போய், வேர்கள் தண்ணீருக்கு மேலே பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அது எந்த மாதிரிக் காடு, அதுவே சாயணும்னா எந்த மாதிரிக் காற்று என்று புரியும்.

அந்தப் புயலில் கிட்டார் கலைஞர் ஜேசன் கோபெலின் வீடு போனது. பேண்ட் பயிற்சி செய்த இடமும் போனது. ஆல்பப் பதிவு கிட்டத்தட்ட ஒரு வருஷம் தள்ளிப்போனது.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். ஒரு வருஷம் என்பது 21 வயதில் சின்ன விஷயம் இல்லை. நமக்கு ஒரு அரியர் விழுந்தாலே உலகம் முடிந்த மாதிரி இருக்கிறது. அவர்களுக்கு வீடு இல்லை, வாசிக்க இடம் இல்லை, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் காத்திருக்கிறது, சந்தையில் வேறு பேண்டுகள் ஆல்பம் மேல் ஆல்பமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1991 டெமோவையும் 1993 ஆல்பத்தையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. யூரோபோரிக் ஃபார்ம்ஸ், தி ஈகிள் நேச்சர் என்ற இரண்டு பாட்டுகள் இரண்டிலும் இருக்கின்றன. டெமோவில் அவை வேகமான, திறமையான டெத் மெட்டல். ஆல்பத்தில் அதே எலும்புக்கூட்டின் மேல் வேறு உடம்பு. பாட்டுகளுக்குள் காற்று புகுந்திருக்கிறது. இடையில் மூச்சு விட இடம் இருக்கிறது. இந்த மாற்றத்தைப் புயல் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். புயல் கொண்டுவந்தது நஷ்டம் மட்டும்தான். ஆனால் விருப்பமில்லாமல் கிடைத்த அந்தக் காலத்தை அவர்கள் வீணாக்கவில்லை என்பது அந்த 36 நிமிடத்தில் கேட்கிறது.

ஆல்பத்துக்குள்ளே என்ன இருக்கு?

ஃபோகஸ் 1993 செப்டம்பர் 14 அன்று வெளிவந்தது. பதிவு அதே மாரிசவுண்டில், தயாரிப்பு அதே ஸ்காட் பர்ன்ஸ். டோனி சாய் போய்விட்டதால் பேஸ் வாசித்தவர் ஷான் மலோன். (பேண்டில் இப்போது இரண்டு ஷான்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முதல் ஆச்சரியம், குரல். மாஸ்விடல் அதுவரை உறுமிப் பாடிக்கொண்டிருந்தவர். அதைத் தொடர்ந்தால் தொண்டை கெட்டுவிடும் என்ற நிலை வந்ததால், உறுமும் பகுதிகளை டோனி டீகார்டன் என்பவரிடம் கொடுத்துவிட்டு, தான் வோகோடர் வழியாகப் பாடினார். டெத் மெட்டல் ஆல்பத்தில் ரோபோ பாடுகிற மாதிரி மென்மையான ஒரு குரல்! கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள்.

இ.சி.இ. நண்பர்களுக்காக வோகோடர் பற்றி ஒரு பத்தி. பெல் லேப்ஸில் ஹோமர் டட்லி 1930களில் உருவாக்கியது. முதல் நோக்கம் இசை இல்லை, தொலைபேசிப் பேச்சைக் குறைந்த அலைவரிசையில் அனுப்புவது. இரண்டாம் உலகப்போரில் தலைவர்களின் ரகசியப் பேச்சை மறைத்து அனுப்பவும் பயன்பட்டது. வேலை செய்யும் விதம் இதுதான்: நம் குரலைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பட்டையிலும் சத்தம் ஏறி இறங்குவதை மட்டும் அளக்கிறோம். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து, ஒரு சின்த்தசைசர் ஒலியின் அதே பட்டைகளைக் கூட்டிக் குறைக்கிறோம். விளைவு? வார்த்தை மனுஷனுடையது, ஸ்வரம் சின்த்தசைசருடையது. செமஸ்டரில் படிக்கும் பேண்ட்-பாஸ் ஃபில்டர், என்வலப் டிடெக்டர் இரண்டையும் வரிசையாக அடுக்கினால் ஒரு எளிய வோகோடர் செய்துவிடலாம். மினி ப்ராஜெக்ட் தேடுபவர்கள் குறித்துக்கொள்ளவும்.

இரண்டாவது ஆச்சரியம், மலோன் வாசித்த சாப்மன் ஸ்டிக். பார்க்க கழுத்து மட்டும் உள்ள கிட்டார் மாதிரி இருக்கும், பொதுவாக 10 அல்லது 12 தந்திகள். மீட்டுவதற்குப் பதிலாக இரண்டு கை விரல்களாலும் தந்தியைத் தட்டி வாசிக்க வேண்டும். கிட்டத்தட்ட பியானோ மாதிரி. அதனால் ஒரே ஆள் கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் ஒன்றாக வாசிக்க முடியும்.

மூன்றாவது, ஜாஸ் ஃப்யூஷனின் வாசனை. ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் கிட்டாரும் ஜான் மெக்லாஃப்லினின் மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவும் இவர்கள் கேட்டு வளர்ந்த இசை. மெக்லாஃப்லின் யார் தெரியுமில்லையா? அந்தப் பேண்ட் உடைந்த பிறகு எல். ஷங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 1970களில் சக்தி குழுவை நடத்தியவர். நம்ம கடமும் மயாமி பையன்களின் டிரம்ஸும் ரொம்ப தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆல்பத்தின் முதல் பாட்டின் பெயரே மாயையின் திரை என்று பொருள்படும் வெயில் ஆஃப் மாயா. ரத்தம், பிணம் என்று பாடிக்கொண்டிருந்த ஒரு இசையில் இவர்கள் மனம், விழிப்பு, மாயை என்று எழுதினார்கள்.

ஏன் கலைந்தது?

ஆல்பம் நல்லா இருந்தா போதுமா? கேட்பவர்கள் வேண்டுமே. 1994ல் அமெரிக்காவில் கேனிபல் கார்ப்ஸ் பேண்டுடன் சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். கேனிபல் கார்ப்ஸ் என்றால் சுத்தமான, கொடூரமான டெத் மெட்டல். அதைக் கேட்க டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தின் முன்னால் வோகோடரில் மென்மையாகப் பாடினால் என்ன ஆகும்? குத்துப்பாட்டுக்காகக் காத்திருக்கும் கல்ச்சுரல்ஸ் கூட்டத்துக்கு முன்னால் ஏழு தட்டு வாசித்தால் என்ன ஆகுமோ அதுதான். மெட்டல் ரசிகர்களுக்கு இது மெட்டல் இல்லை, ஜாஸ் ரசிகர்களுக்கு இது சத்தம்.

பல வருஷம் கழித்து, 2014ல், மாஸ்விடலும் ரைனர்ட்டும் தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். முரட்டு ஆண்மையே அடையாளமாக இருந்த 90களின் மெட்டல் உலகத்தில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தது இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான். இசையில் மட்டும் வெளியாட்களாக இருக்கவில்லை.

இரண்டாவது ஆல்பத்துக்கான வேலை தொடங்கியது, ஆனால் முடியவில்லை. 1994லேயே சினிக் கலைந்தது. அந்த உறுப்பினர்கள் போர்ட்டல் என்ற பெயரில் ஒரு டெமோ செய்தார்கள். அது இன்னும் மென்மையான இசை. அதுவும் அதற்கு மேல் போகவில்லை. மலோன் இசைக் கோட்பாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப் போனார். மாஸ்விடலும் ரைனர்ட்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் வேறு இசை வேலைகள் பார்த்தார்கள். ஏழு வருஷப் பயிற்சி, ஒரு வருஷப் புயல், 36 நிமிட ஆல்பம், அவ்வளவுதான்.

அப்புறம்தான் கதை

ஆல்பம் ஓடவில்லை, ஆனால் தீரவும் இல்லை. வாங்கியவர்கள் குறைவு. ஆனால் வாங்கியவர்களில் கிட்டார் எடுத்தவர்கள் நிறைய. ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பதிவு செய்து கொடுத்தார்கள். பிறகு சிடி, பிறகு எம்பி3. சிகாகோவில் ஒரு பேண்ட் தன் பெயரையே வெயில் ஆஃப் மாயா என்று வைத்துக்கொண்டது. மெட்டலுக்குள் மென்மையான குரலும் உறுமலும் மாறி மாறி வருவது, ஜாஸ் ஸ்வரங்கள், விண்வெளி மாதிரி மிதக்கும் இடைப்பகுதிகள் எல்லாம் 2000களில் ஒரு பெரிய கூட்டத்துக்கே பழக்கமாகிவிட்டன.

2007ல் சினிக் மறுபடி மேடை ஏறியது. 2008ல் இரண்டாவது ஆல்பம், ட்ரேஸ்ட் இன் ஏர். முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 15 வருஷம். அந்த வருஷக் கடைசியில் ஸ்வீடன் நாட்டு ஓபெத் பேண்டுடன் ஐரோப்பாவில் வாசித்தார்கள். இந்த முறை கூட்டம் சினிக் பாட்டுகளை எதிர்பார்த்தே வந்தது. அதே ஓபெத் 2009ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தது. நம்ம சீனியர்களின் சீனியர்களில் யாராவது அன்றைக்கு அந்தத் திறந்தவெளி அரங்கில் நின்றிருக்கலாம், கேட்டுப் பாருங்க. 2012ல் டெல்லியின் கேஷவ் தர் தொடங்கிய ஸ்கைஹார்பர் தன் முதல் ஆல்பத்தைப் போட்டபோது, மென்மையும் கடுமையும் கலந்த இந்த இசை இந்தியாவிலும் தன் காலில் நின்றது.

சோகமான முடிவும் உண்டு. 2015ல் ரைனர்ட் பேண்டை விட்டு விலகினார். 2020 ஜனவரியில் 48 வயதில் இறந்தார். அதே வருஷம் டிசம்பரில் மலோனும் 50 வயதில் இறந்தார். மாஸ்விடல் 2021ல் மறுபடி சினிக் பெயரில் ஒரு ஆல்பம் போட்டார். அதில் மலோனின் இடத்துக்கு இன்னொரு பேஸ் கிட்டார் கலைஞரைக் கொண்டுவரவில்லை. அந்தக் கீழ் ஸ்தாயியைச் சின்த்தசைசரில் வாசிக்க வைத்தார்.

நமக்கு இதுல என்ன?

ஒவ்வொரு காலேஜிலும் ஒரு பேண்ட் இருக்கும். மூணாவது வருஷம் தொடங்கி, நாலாவது வருஷம் ப்ளேஸ்மென்ட் வந்ததும் கலைந்துவிடும். எங்க ஹாஸ்டல் பேண்டுக்கும் அதுதான் ஆனது. சொந்தமாக மூணு பாட்டு இருந்தது. மேடையில் ஒன்றுதான் வாசிக்க முடிந்தது, அதுவும் பாதியில் "அடுத்த ஐட்டம்" என்று சொல்லிவிட்டார்கள். கிட்டார் வாசித்தவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்த மூணு பாட்டையும் சரியாகப் பதிவு செய்யவே இல்லை. இப்போது கேட்கணும்னா ஒரு போனில் எடுத்த கரகர வீடியோ மட்டும்தான்.

அதனால்தான் சினிக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேண்ட் நிலைக்கவில்லை, கூட்டம் கை தட்டவில்லை, காசும் வரவில்லை. ஆனால் கலைவதற்கு முன்னால் ஒரு வேலையை ஒழுங்காக முடித்து வைத்தார்கள். அந்த 36 நிமிடம் பதிவானதால்தான் அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் நடந்தது. 1992 புயலோடு "சரி விடுடா" என்று போயிருந்தால், ஹ்யூமன் ஆல்பத்தில் வாசித்த இரண்டு திறமைசாலிகள் என்று மட்டும் பேர் நின்றிருக்கும்.

பிச்சாவரம் படகுக்காரர்களிடம் சுரபுன்னை பற்றிக் கேட்டால் சொல்வார்கள்: அந்த மரத்தின் விதை கிளையில் இருக்கும்போதே முளைத்துவிடும். நீளமாக முருங்கைக்காய் மாதிரி தொங்கி, விழுந்து, தண்ணீரில் மிதந்து, எங்கே சேறு கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடும். ஆனால் விழுவதற்கு முன்பே அது முளைத்திருக்க வேண்டும்.

முதல் முறை கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. வெயில் ஆஃப் மாயாவில் தொடங்காதீங்க, பயந்துடுவீங்க. டெக்ஸ்ச்சர்ஸ் என்ற பாட்டில் குரலே கிடையாது, அதில் தொடங்குங்க. அடுத்து ஹௌ குட் ஐ. அதுதான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. காலால் எண்ணப் பாருங்க, தப்பும். மறுபடி எண்ணுங்க. அப்புறம் முதலில் இருந்து முழுசாகக் கேளுங்க. சிதம்பரத்தில் இருந்து பிச்சாவரம் போகிற பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும்.

உங்க ஹாஸ்டலில் ஒரு பேண்ட் இருந்தால், இந்த செமஸ்டர் முடிவதற்குள் ஒரு பாட்டையாவது ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்க.